நேரம் ஆக ஆகத் தாமதித்த குரல்: ஓர் இணைய அழைப்பு மென்பொருளின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

மன உளைச்சலில் இருப்பவர்கள் அழைத்துப் பேசும் ஓர் உதவி மையத்துக்காக நாங்கள் நான்கு பேர் சேர்ந்து குரல் மென்பொருள் எழுதினோம். அழைப்பவர் கைப்பேசிச் செயலியிலிருந்து பேசுவார். தன்னார்வலர் கணினியில் யூஎஸ்பி ஹெட்செட் மாட்டிக்கொண்டு கேட்பார். மையம் இரண்டு நிபந்தனைகள் வைத்தது. எந்த அழைப்பும் பதிவாகக் கூடாது. அழைத்தவர் யார் என்பது மென்பொருள் எழுதிய எங்களுக்கும் தெரியக் கூடாது. இரண்டும் முழுக்க நியாயமானவை என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் பிரச்சினை வந்தபோது நடந்த அழைப்பு ஒன்றைக்கூட எங்களால் கேட்டுப் பார்க்க முடியாது என்பதும் அதற்குள் அடங்கியிருந்தது.

குரலைச் சுருக்கி அனுப்பி மறுமுனையில் விரிக்க ஓபஸ் என்ற கோடெக். 2012ல் ஆர்எஃப்சி 6716 என்ற இணையத் தரநிலை ஆவணமாக வெளிவந்த, யாரும் கட்டணமின்றிப் பயன்படுத்தக்கூடிய தரநிலை அது. நொடிக்கு 48,000 மாதிரிகள் எடுத்து, 20 மில்லி விநாடித் துண்டுகளாக நறுக்கி, நொடிக்கு 50 பாக்கெட்டுகளாக, ஒலிக்கான ஆர்டிபி நெறிமுறை வழியே, தொலைந்ததை மறுபடி அனுப்பாத யூடிபியில் அனுப்பினோம். தொலைந்ததை மறுபடி அனுப்பும் டிசிபியைத் தவிர்த்த காரணம் இத்துறையில் எல்லோருக்கும் தெரிந்ததுதான்: தொலைந்த ஒரு பாக்கெட் மறுபடி வந்து சேரும்வரை பின்னால் வந்தவை அத்தனையும் வரிசையில் காத்து நிற்கும். நேரம் தப்பி வரும் குரல் வராத குரலுக்குச் சமம்.

பெறும் முனையில் வரும் பாக்கெட்டுகள் முதலில் 60 மில்லி விநாடி ஜிட்டர் பஃபரில், அதாவது முன்பின்னாக வருபவற்றைச் சீராக்கும் தற்காலிகச் சேமிப்பில், சேரும். புதிதாக ஒரு பாக்கெட் வரும்போதெல்லாம் பஃபரிலிருந்து பழைய துண்டு ஒன்று எடுக்கப்பட்டு, விரிக்கப்பட்டு, ரிங் பஃபர் என்ற இன்னொரு தற்காலிகச் சேமிப்பில் ஊற்றப்படும். சவுண்ட் கார்டு தனக்குத் தேவையானபோது அந்த ரிங் பஃபரிலிருந்து எடுத்துக்கொள்ளும். அதன் கொள்ளளவு ஒரு முழு நொடி. மென்பொருளின் முதல் முன்மாதிரியை எழுதிய வாரத்தில், இடம் தாராளமாக இருந்தால் நல்லது என்று வைத்தது. அதை வைத்தவன் நான்.

வந்த புகார்கள்

மென்பொருள் பயன்பாட்டுக்கு வந்த மூன்றாவது வாரத்திலிருந்து மையத்தின் ஒருங்கிணைப்பாளர் வழியாகப் புகார்கள் வந்தன. போகப் போக இருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கிவிடுகிறோம் என்றார்கள் சிலர். அவ்வப்போது காதில் ‘டிக்’ என்று ஓர் ஒலி கேட்கிறது என்றார்கள் வேறு சிலர். அழைப்பவர் கைப்பேசியை ஸ்பீக்கரில் போட்டிருந்தால், அரை மணிக்கு மேல் தன்னார்வலருக்குத் தன் குரலே திரும்பி வருகிறது என்று மூன்றாவதாக ஒரு புகார்.

மூன்றையும் மூன்று தனிப் பிழைகளாகப் பதிந்து, மூன்று பேரிடம் பிரித்துக் கொடுத்தோம். தாமதம் நெட்வொர்க் பார்ப்பவரிடம். டிக் ஒலி கோடெக் பார்ப்பவரிடம். எதிரொலி அதற்கான வடிகட்டியை எழுதியவரிடம். அப்போது அது ஒழுங்கான வேலைப் பிரிவினையாகத் தெரிந்தது. உண்மையில் அன்றைக்கே வழி தவறிவிட்டோம்.

எடுத்த முதல் முடிவுகள்

தாமதப் புகாருக்கு முதலில், ஆர்டிபியோடு சேர்ந்து நெட்வொர்க்கின் நிலையைச் சொல்லும் ஆர்டிசிபி அறிக்கைகளைப் பார்த்தோம். பாக்கெட் போய்த் திரும்பும் நேரம் 70 மில்லி விநாடியைச் சுற்றியே இருந்தது. இழப்பு மிகக் குறைவு. ஜிட்டர் பஃபரின் நிலையும் சீராகத் தெரிந்தது. எண்கள் எல்லாம் ஆரோக்கியமாக இருந்ததால், அறிக்கையில் சிக்காத குறுகிய நெரிசல் ஏதோ இருக்க வேண்டும் என்று முடிவு கட்டி, ஜிட்டர் பஃபரை 120 மில்லி விநாடிக்கு உயர்த்தினோம். புகார் குறையவில்லை, முன்னைவிடச் சீக்கிரமே வரத் தொடங்கியது. ஒரு வாரத்தில் பழையபடி 60க்கு இறக்கினோம்.

எதிரொலியில் நடந்தது இதைவிட ஏமாற்றியது. எங்கள் வடிகட்டி ஸ்பீக்கருக்குப் போகும் ஒலியை ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டு, மைக்கில் வரும் ஒலியோடு ஒப்பிட்டு, பொருந்துவதைக் கழிக்கும். 200 மில்லி விநாடி வரை பின்தங்கி வரும் எதிரொலியைப் பிடிக்கும்படி அமைத்திருந்தோம். அதை 400 ஆக்கினோம். அரை மணியில் வந்த எதிரொலிப் புகார் அதோடு ஏறக்குறைய நின்றுபோனது. தீர்ந்தது என்று பதிந்து மூடினோம். நடந்தது என்னவென்றால், அரை மணியில் தலைகாட்டியது ஒரு மணிக்குத் தள்ளிப் போயிருந்தது. அவ்வளவு நீளும் அழைப்புகள் குறைவு, அவ்வளவுதான். எல்லையை இரட்டிப்பாக்கினால் நேரமும் இரட்டிப்பாகிறதே, ஏன் என்று அன்றைக்கு யாராவது கேட்டிருந்தால் இந்த ஆய்வு பாதியாகச் சுருங்கியிருக்கும்.

டிக் ஒலிக்கு எதுவும் செய்யவில்லை. எங்கள் மேசையில் அது ஒரு முறைகூடக் கேட்கவில்லை.

ஒரு மணி நேரப் போலி அழைப்பு

உண்மை அழைப்புகளைக் கேட்க வழியில்லாததால், தன்னார்வலர் ஒருவரிடம் ஒரு மணி நேரம் போலியாக ஓர் அழைப்பு நடத்தித் தரும்படி கேட்டோம். பல ஆண்டு அனுபவம் உள்ள, வயதில் மூத்த அம்மா. எங்களில் இளையவர் அழைப்பவராக நடித்தார். பேச வேண்டிய பதில்கள் அவர் முன்னால் தாளில் எழுதி வைக்கப்பட்டிருந்தன. கேள்வி வந்ததும் வாசிக்க வேண்டியதுதான் வேலை. யோசிக்க ஒன்றும் இல்லை.

ஐம்பதாவது நிமிடம் அளவில் அந்த அம்மா திடீரென்று குரலைத் தாழ்த்திக் கேட்டார்: “ஆரம்பத்துல டக் டக்குன்னு பதில் சொன்னீங்க. இப்ப ஒவ்வொண்ணுக்கும் தயங்குறீங்களே தம்பி. நான் ஏதாவது மனசு நோகக் கேட்டுட்டேனா?”

இளையவர் தயங்கவே இல்லை. அடுத்த அறையில் நின்று அவரைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அது நன்றாகத் தெரியும்.

உரையாடலில் ஒருவர் முடித்து மற்றவர் தொடங்கும் இடைவெளி மிகச் சிறியது. பத்து மொழிகளில் நடத்தி 2009ல் வெளியான ஓர் ஆய்வு, மொழிக்கு மொழி சற்றே மாறினாலும் பொதுவாக அது 200 மில்லி விநாடியை ஒட்டியே அமைகிறது என்று காட்டியது. இந்த மையத்தில் அமர்ந்து கேட்பவர்களுக்கு அந்த இடைவெளி ஒரு செய்தி. பதில் எங்கே தாமதிக்கிறது என்பதை வைத்துத்தான் எதைத் தொடலாம், எதை இப்போது விட்டுவிடலாம் என்று முடிவு செய்கிறார்கள். எங்கள் மென்பொருள் யாரும் காட்டாத தயக்கத்தை உண்டாக்கி அவர்கள் காதில் போட்டுக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு எங்களில் யாரும் இதைச் சின்னப் பிழை என்று சொல்லவில்லை.

அந்த அம்மா இன்னொன்றும் செய்திருந்தார். டிக் ஒலி கேட்ட ஒவ்வொரு முறையும் கணினித் திரையின் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைத் தாளில் குறித்திருந்தார். 10:04:10. 10:06:57. 10:09:44. 10:12:30. தாள் முழுக்க இப்படியே நீண்டது. அடுத்தடுத்த எண்களைக் கழித்துப் பார்த்தோம். 2 நிமிடம் 47 நொடி, மறுபடி 2:47, அப்புறம் 2:46. நெட்வொர்க் இழப்பு ஒருநாளும் இவ்வளவு ஒழுங்காக வராது. இது ஏதோ ஒரு கடிகாரத்தின் வேலை.

ஸ்கேல் தட்டிய மதியம்

அந்த அம்மாவின் கணினியையும் ஹெட்செட்டையும் இரவல் வாங்கி வந்தோம். அதே கைப்பேசியோடு அழைப்பைத் தொடங்கி, கைப்பேசியை அடுத்த அறையில் வைத்தோம். இரண்டு மைக் உள்ள ஒரு ஒலிப்பதிவுக் கருவியின் ஒரு மைக் ஹெட்செட்டுக்குப் பக்கத்தில், இன்னொன்று நீண்ட ஒயரில் கைப்பேசியின் ஸ்பீக்கரை ஒட்டி. ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை எஃகு ஸ்கேலால் மேசையில் மூன்று தட்டு. மேசையில் விழும் தட்டும் கைப்பேசியில் வெளிவரும் தட்டும் ஒரே பதிவில் இரு தடங்களாக விழும். இடையில் உள்ள தூரம்தான் வாய் முதல் செவி வரையிலான உண்மைத் தாமதம். எந்த மென்பொருளின் கணக்கையும் நம்பத் தேவையில்லை.

தொடக்கத்தில் 130 மில்லி விநாடி. 30வது நிமிடத்தில் 346. 60வது நிமிடத்தில் 562. இடைப்பட்ட புள்ளிகள் எல்லாம் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது போல நேராக நின்றன. தொலைபேசித் தாமதத்துக்கான பரிந்துரை ஜி.114, சர்வதேசத் தொலைத்தொடர்பு அமைப்பான ஐடியூ வெளியிட்டது, ஒருவழித் தாமதம் 150 மில்லி விநாடிக்குள் இருப்பது நல்லது என்றும் 400ஐத் தாண்டக் கூடாது என்றும் சொல்கிறது. நல்ல நிலையில் தொடங்கி, நாற்பது நிமிடத்துக்குள் அந்த மேல் எல்லையைக் கடந்துகொண்டிருந்தோம்.

மணிக்கு 432 மில்லி விநாடி ஏற்றம் என்றால், பத்து லட்சம் பங்கு நேரத்துக்கு 120 பங்கு. அம்மாவின் தாளில் 167 நொடிக்கு ஒரு டிக். எங்கள் நிரல் ரிங் பஃபர் காலியானால் 20 மில்லி விநாடி மௌனத்தைப் போடும். 167 நொடிக்கு 20 மில்லி விநாடி என்பதும் பத்து லட்சத்துக்கு 120தான். ஒரு முனையில் ஸ்கேல், மறுமுனையில் பேனா. இரண்டும் ஒரே எண்ணைச் சொன்னபோது அறையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

காரணம்

48,000 என்பது பெயரளவு எண். ஒவ்வொரு ஒலிக் கருவியிலும் அதிர்ந்து நேரத்தை அளக்கும் ஒரு படிகம் தனக்கென உண்டு, அதை வைத்து எடுக்கும் மாதிரிகள் துல்லியமாக நொடிக்கு 48,000 ஆக அமைவதில்லை. கொஞ்சம் கூடும், கொஞ்சம் குறையும். அந்த ஹெட்செட் கைப்பேசியைவிட நொடிக்கு ஏறக்குறைய ஆறு மாதிரிகள் வேகமாக ஓடியது. எங்கள் ரிங் பஃபரை நிரப்பியது அனுப்புபவரின் கடிகாரம், காலி செய்தது பெறுபவரின் கடிகாரம். கைப்பேசியில் வரவு செலவைவிட அதிகம். எனவே ரிங் பஃபர் சத்தமில்லாமல் நிரம்பி, குரல் பின்தங்கியது. கணினியில் செலவு அதிகம். எனவே அது அடிக்கடி வற்றி, டிக் ஒலி எழுந்தது.

எதிரொலியும் இதே கதைதான். வடிகட்டிக்கான பிரதியை ரிங் பஃபரில் ஊற்றும் இடத்திலேயே எடுத்துவிட்டோம். ரிங் பஃபர் வளர வளர, பிரதிக்கும் ஸ்பீக்கரில் வந்த ஒலிக்கும் இடைவெளி வளர்ந்தது. நிமிடத்துக்கு 7.2 மில்லி விநாடி. 200ஐக் கடக்க அரை மணிக்குச் சற்றுக் குறைவான நேரம், 400ஐக் கடக்க ஒரு மணிக்குச் சற்றுக் குறைவான நேரம். மூன்று பேரிடம் பிரித்துக் கொடுத்த மூன்று பிழைகளும் ஒன்றேதான்.

எண்கள் ஏன் காட்டவில்லை? ஆர்டிசிபி அளப்பது நெட்வொர்க்கை. ஜிட்டர் பஃபர் தன் நிலையைச் சொன்னது. அதற்கும் சவுண்ட் கார்டுக்கும் நடுவே நின்ற ரிங் பஃபரை யாரும் அளக்கவில்லை. ஒரு நொடி கொள்ளளவு இருந்ததால் இரண்டேகால் மணி நேரம் வரை அது நிரம்பி வழியவும் வழியாது. சிறியதாக வைத்திருந்தால் முதல் வாரமே வழிந்து எங்களைக் கூப்பிட்டிருக்கும்.

சோதனைகள் ஏன் பிடிக்கவில்லை என்பது இன்னும் எளிது. தானியங்கிச் சோதனையில் இரு முனைகளும் ஒரே கணினியில், போலி ஒலிக் கருவிகளோடு, மூன்று நிமிடம் ஓடின. இரண்டுக்கும் ஒரே கடிகாரம். கையால் செய்த சோதனைகளோ ஐந்து நிமிடத்தைத் தாண்டியதில்லை. ஐந்து நிமிடத்தில் சேர்வது 36 மில்லி விநாடி. யார் காதுக்கும் அது எட்டாது.

பழைய டிஜிட்டல் தொலைபேசி வலையில் இந்தச் சிக்கலை வலையே பார்த்துக்கொண்டது. இணைப்பகங்கள் எல்லாம் ஒரு தலைமைக் கடிகாரத்தைப் பின்பற்றின. இணையத்தில் அப்படி ஒரு பொதுக் கடிகாரம் கிடையாது, அந்தப் பொறுப்பு மென்பொருள் எழுதுபவர் தலையில் விழுகிறது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2003ல் வந்த ஆர்எஃப்சி 3550, ஆர்டிபி நேரமுத்திரை மாதிரி எடுக்கும் கடிகாரத்திலிருந்து வர வேண்டும் என்கிறது. அதன் அனுப்புநர் அறிக்கையில் அந்த நேரமுத்திரையும் சுவர்க்கடிகார நேரமும் ஜோடியாக வருகின்றன. அவற்றிலிருந்தே கடிகார வேறுபாட்டைக் கணக்கிட்டிருக்கலாம். சில நொடிக்கொரு முறை வந்துகொண்டிருந்த அந்தத் தகவலை நாங்கள் தூக்கி எறிந்துகொண்டிருந்தோம்.

எதைத் தேர்ந்தோம், ஏன்

உடனடியாக ஏதாவது செய்தாக வேண்டும். எளிய வழி ரிங் பஃபரைச் சுருக்குவது. அப்போது தாமதம் சேராது, ஆனால் அழைப்பவர் காதிலும் சில நிமிடத்துக்கு ஒரு முறை டிக் ஒலி கேட்கும். மௌனமான இடம் பார்த்து வெட்டினால் அதுவும் தெரியாது என்று ஒரு யோசனை வந்தது. ஒருங்கிணைப்பாளர் அதை மறுத்தார். “எங்கள் அழைப்புகளில் மௌனம் என்று நீங்கள் நினைப்பது பெரும்பாலும் யாரோ அழுகையை அடக்குவதாக இருக்கும்” என்றார். சோதித்துப் பார்த்தோம். குரல் இருக்கிறதா என்று பார்க்கும் எங்கள் பகுதி, மெல்லிய விம்மலை மௌனம் என்றே கணித்தது. எனவே டிக் ஒலியை ஏற்றுக்கொண்டு ரிங் பஃபரை 40 மில்லி விநாடிக்குச் சுருக்கினோம். டிக் பொறுத்துக்கொள்ளலாம், தாமதம் முடியாது என்பது தன்னார்வலர்கள் சொன்னது. அந்த வரிசை எங்களுக்குத் தோன்றியிருக்காது.

நிரந்தரத் தீர்வுக்கு முதலில் ஓட்டத்தின் திசையை மாற்றினோம். பாக்கெட் வந்ததும் தள்ளுவதை நிறுத்தி, சவுண்ட் கார்டு கேட்கும்போது ஜிட்டர் பஃபரிலிருந்து இழுப்பது. இப்போது கடிகார வேறுபாடு ஒளிய இடமில்லை, ஜிட்டர் பஃபரின் சராசரி நிலையிலேயே தெரிந்துவிடும். அதைச் சமன்செய்ய இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, தேவைப்படும்போது குரலைச் சுருதி மாறாமல் சற்றே நீட்டிச் சுருக்குவது. 2011ல் திறந்த மூலமாக வந்த இணைய அழைப்பு மென்பொருளான வெப்ஆர்டிசியில் உள்ள நெட்ஈக்யூ என்ற பகுதி இதைச் செய்கிறது, நன்றாகவே செய்கிறது. நாங்கள் அவசரமாக எழுதிய வடிவமோ பெருமூச்சுகளைக் கரகரப்பாக்கியது. மற்றது, மாதிரிகளின் எண்ணிக்கையைப் பெறுபவரின் கடிகாரத்துக்கு ஏற்ப இடைவிடாமல் மிக மெல்லத் திருத்துவது, அதாவது மறுமாதிரி எடுப்பது. பத்து லட்சத்துக்கு 120 திருத்தினால் சுருதி மாறுவது ஓர் அரைச்சுரத்தில் ஏறக்குறைய ஐநூறில் ஒரு பங்கு. எந்தக் காதும் அதைப் பிடிக்காது. இதையே எடுத்தோம். எதிரொலி வடிகட்டிக்கான பிரதியையும் சவுண்ட் கார்டு ஒலியை எடுக்கும் இடத்துக்கே மாற்றினோம்.

பின்னர் நடந்தவை

முதல் பதிப்பு சொதப்பியது. பஃபர் நிலையை ஒரே ஒரு நொடிக்குச் சராசரி எடுத்ததால், வைஃபையில் பாக்கெட்டுகள் கொத்தாக வந்தபோதெல்லாம் திருத்தம் அதைத் துரத்திக்கொண்டு ஓடியது. தண்ணீருக்குள்ளிருந்து பேசுவது போல இருக்கிறது என்றார் ஒரு தன்னார்வலர். சராசரியை 30 நொடிக்கு நீட்டியதும் அது அடங்கியது. திருத்தத்துக்கு வைத்திருந்த மேல் எல்லை ஒரு மலிவு ஹெட்செட்டுக்குப் போதவில்லை, அதையும் தளர்த்தினோம்.

மறுபடி ஸ்கேல் தட்டினோம். அதே ஹெட்செட், அதே கைப்பேசி, தொண்ணூறு நிமிடம். கோடு படுத்துக் கிடந்தது. அந்த அம்மாவை மீண்டும் ஒரு மணி நேரம் பேச வைத்தோம். தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். தாள் வெறுமையாகவே இருந்தது.

இனி மாற்றிச் செய்பவை

இன்று தொடங்கினால் ஒலிப் பாதையை நாங்களே எழுத மாட்டோம். வெப்ஆர்டிசியை எடுத்துக்கொண்டு, எங்கள் உழைப்பை மையத்தின் தேவைகளில் செலவிடுவோம். சிறிதாக இருக்கட்டும், எல்லாம் எங்கள் கட்டுப்பாட்டில் இருக்கட்டும் என்ற ஆசைக்குக் கொடுத்த விலை அதிகம்.

ஒவ்வொரு வெளியீட்டுக்கும் முன்னால் இப்போது தொண்ணூறு நிமிட அழைப்பு ஒன்று, இரண்டு வேறு கருவிகளுக்கு இடையில் ஓடுகிறது. ஸ்கேலுக்குப் பதில் ஒரு சிறு ஸ்பீக்கர் டிக் ஒலி எழுப்புகிறது. நிரலில் எந்தப் பஃபரைச் சேர்த்தாலும், எந்தக் கடிகாரம் நிரப்புகிறது, எந்தக் கடிகாரம் எடுக்கிறது என்று அதன் மேலேயே எழுதச் சொல்கிறோம். பதில் இரண்டு வேறு பெயராக வந்தால், அது பெருகும்போதும் வற்றும்போதும் என்ன நடக்கும் என்றும் எழுத வேண்டும். புகார் தருபவரிடம் முதலில் கேட்பது, அழைப்பு தொடங்கி எத்தனையாவது நிமிடத்தில் என்பதை. ஒரே வாரத்தில் வரும் புகார்களைப் பிரித்துக் கொடுப்பதற்கு முன் நால்வரும் சேர்ந்து ஒருமுறை வாசிக்கிறோம்.

ஒன்று மட்டும் எங்கள் கையில் இல்லை. அழைப்பு பதிவாகாவிட்டாலும், ஒவ்வொன்றின் முடிவிலும் தன்னார்வலர்கள் சில வரிக் குறிப்பு எழுதுவது வழக்கம். அந்த மாதங்களின் குறிப்புகளில் “பதில் சொல்லத் தயங்கினார்” என்ற வரி பல இடங்களில் இருக்கிறது. எது அழைத்தவரின் தயக்கம், எது எங்கள் ரிங் பஃபரின் தாமதம் என்று இனிப் பிரிக்க முடியாது. ஒருங்கிணைப்பாளர் அந்தக் குறிப்பேடுகள் ஒவ்வொன்றின் முதல் பக்கத்திலும் தேதிகளைக் குறித்து, இந்த நாட்களில் எழுதிய தயக்கத்தை அழைத்தவருடையதாகக் கொள்ள வேண்டாம் என்று தன் கையாலேயே எழுதி ஒட்டினார்.